திரையரங்குக்கு வராத பார்வையாளர்: பெண்மையப் படங்களும் அவற்றின் சந்தையும்

பெண்ணை மையப் பாத்திரமாகக் கொண்ட படங்களுக்குச் சந்தை இல்லை என்னும் கூற்று, தமிழ்த் திரைத்துறையிலும் சிங்களத் திரைத்துறையிலும் நெடுங்காலமாக அனுபவ உண்மைபோலச் சொல்லப்பட்டு வருகிறது. இதைச் சொல்பவர்கள் சான்றாகக் காட்டுவது நுழைவுச்சீட்டு விற்பனையைத்தான். ஆனால் பொருளியலில் கேள்வி எனப்படுவது வெறும் விருப்பம் அன்று. ஒரு பொருளை வாங்கும் விருப்பமும் வாங்கும் ஆற்றலும் ஒருங்கே அமைந்த நிலையே கேள்வி. திரைப்படம் என்ற பண்டத்துக்கு மூன்றாவதாக ஒன்றும் வேண்டும். அது விற்கப்படும் இடத்துக்கு, விற்கப்படும் நேரத்தில், வாங்குபவர் தாமே போய்ச் சேர வேண்டும். இந்த மூன்றாவதைக் கணக்கில் எடுக்காமல் நுழைவுச்சீட்டுகளை எண்ணினால் கிடைப்பது யார் அரங்குக்கு வர முடிந்தது என்ற கணக்கே அன்றி, யார் எதை விரும்பினார் என்ற கணக்கு ஆகாது. பெண்மையப் படங்களின் சந்தை பற்றிய விவாதம் பெரும்பாலும் இரசனையைப் பற்றியதாகவே நடப்பதால், பஸ், வேலைநேரம், விநியோகம் ஆகியவை அதில் இடம்பெறுவதேயில்லை.

கண்டி நகரிலிருந்து மகியங்கனை செல்லும் வீதியில் அமைந்த குண்டசாலை இதை விளக்குவதற்குப் பொருத்தமான இடம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டி மன்னன் வீர நரேந்திரசிங்கன் அரண்மனை அமைத்து வாழ்ந்ததால் வரலாற்றில் பெயர் பெற்ற இவ்வூர், இன்று பல்லேகல கைத்தொழில் வலயத்தையும் மாகாண சபையின் அலுவலகங்களையும் அயலில் கொண்ட, நாள்தோறும் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலைக்கும் படிப்புக்கும் போய்வரும் பிரதேசம். இங்குள்ளவர்களுக்குப் புதுப்படம் பார்ப்பதென்பது பெரும்பாலும் கண்டி நகருக்குப் போவதுதான். தூரம் சில கிலோமீற்றர்களே என்றாலும், மாலைக் காட்சி முடிந்து திரும்பும் பஸ் பயணத்தைக் கிலோமீற்றரால் அளக்க முடியாது. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் இலங்கையில் நடத்திய ஆய்வொன்றில், பொதுப் போக்குவரத்தில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாக நூற்றுக்குத் தொண்ணூறு பெண்கள் கூறினர். அவர்களுள் பொலிஸாரின் உதவியை நாடியவர்கள் நூற்றுக்கு நான்கு பேர் மட்டுமே. ஆடைத் தொழிற்சாலையில் நாள் முழுதும் நின்று வேலை செய்த ஒருத்தி, இரவு ஒன்பதரைக்குத் தனியே திகன பஸ்ஸில் ஏறத் தயங்குவாளாயின், அவள் பார்க்க விரும்பிய படம் தோற்றதற்கு அவளது இரசனையைக் காரணமாகச் சொல்வது நேர்மையான கணக்கு அன்று. 2018 மார்ச்சில் அயலிலுள்ள திகனவிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களுக்கு எதிராக வன்முறை வெடித்துக் கண்டி மாவட்டத்தில் ஊரடங்கு போடப்பட்டது. அதன்பின் 2020இன் பெருந்தொற்றும் 2022இன் எரிபொருள் தட்டுப்பாடும் வந்தன. இத்தகைய ஒவ்வொரு நெருக்கடியிலும் முதலில் வீட்டுக்குள் ஒதுங்குபவர்களும் கடைசியாக வெளியே வருபவர்களும் பெண்களே. நாட்டின் பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே தொழிற்படையில் உள்ளனர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நுழைவுச்சீட்டுக்கான பணம் யார் கையிலிருந்து போகிறது, எந்தப் படத்துக்குப் போவதென்று யார் தீர்மானிக்கிறார் என்பதும் ஓரளவு புலப்படும்.

ஆண் நாயகனே வசூலின் அச்சாணி என்பது திரைப்படத்தின் இயல்பிலேயே உள்ள விதி என்றால், அது தொடக்கத்திலிருந்தே செயற்பட்டிருக்க வேண்டும். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் நடிப்பதற்குக் கே. பி. சுந்தராம்பாள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாய் அக்காலத்தில் எந்த நடிகரும் கனவிலும் காணாத தொகை. அவர் ஏற்றதோ ஆண் வேடம். அடுத்த ஆண்டே டி. பி. ராஜலக்ஷ்மி 'மிஸ் கமலா' என்ற படத்தை எழுதித் தயாரித்து இயக்கினார். 1953இல் ஜெமினி நிறுவனம் வெளியிட்ட 'ஔவையார்', காதலும் நாயகனும் இல்லாமல் முதிய புலவர் ஒருவரை மட்டும் நம்பி எடுக்கப்பட்டுப் பெருவெற்றி கண்டது. இலங்கையில் 1947இல் வெளிவந்த முதற் சிங்களப் பேசும்படமான 'கடவுணு பொரொந்துவ', மதுரையில் எஸ். எம். நாயகத்தின் நிறுவனத்தால் தயாரிக்கப்பட்டது. அதன் நாயகி ருக்மணி தேவி, நுவரெலியாவின் இறம்பொடையில் பிறந்த டெய்ஸி ராசம்மா டானியல்ஸ். சிங்களத் திரையின் முதல் நட்சத்திரம் மலைநாட்டில் பிறந்த ஒரு தமிழ்ப் பெண் என்பதை இன்று தமிழரும் சிங்களவரும் அதிகம் நினைவுகூர்வதில்லை. அமெரிக்காவிலும் 1930களிலும் 1940களிலும் பெண்களே திரையரங்கின் முதன்மை வாடிக்கையாளர்கள் என்று நம்பிய நிறுவனங்கள், 'பெண்களுக்கான படம்' என்றே ஒரு வகையை வளர்த்தன. நடிகை பெட்டி டேவிஸ் போன்றோரின் புகழ் அந்த நம்பிக்கையின் மேல் எழுந்தது. ஆகவே சந்தை பற்றிய நம்பிக்கைகள் காலத்துக்குக் காலம் மாறுபவை. அவற்றை மாற்றியது பார்வையாளரின் மனம் மட்டுமன்று.

இலங்கையில் அந்த மாற்றம் நிகழ்ந்த விதத்தைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். 1972இல் செயற்படத் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனம், படங்களின் இறக்குமதியையும் விநியோகத்தையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. அதன் ஏகபோகத்தில் குறைகள் பல இருந்தன. எனினும் இந்தியப் படங்களின் வரவு கட்டுப்படுத்தப்பட்டதால் உள்நாட்டுப் படங்களுக்குத் திரை கிடைத்தது. 1978இல் சுமித்ரா பீரிஸ் 'கெஹெனு லமய்' படத்தை இயக்கி, ஏழை வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தியின் காதலும் படிப்பும் ஒருசேரக் கைநழுவுவதை அவளது பார்வையிலிருந்தே காட்டினார். 1980இல் அவர் இயக்கிய 'கங்கா அத்தர' மக்களிடையே பரந்த வரவேற்பைப் பெற்றது. சிங்கள நடிகை மாலினி பொன்சேகா நடிப்போடு நில்லாமல் இயக்கத்துக்கும் வந்தார்; 'பைலட் பிரேம்நாத்' படத்தில் சிவாஜி கணேசனுக்கு இணையாக நடித்ததால் தமிழ் வீடுகளிலும் அறிமுகமான அவர் 2025 மே மாதம் மறைந்தபோது நாடே துக்கம் அனுசரித்தது. 1970களின் இறுதியில் இலங்கைத் திரையரங்குகளின் ஆண்டுப் பார்வையாளர் வருகை ஏழு கோடியைத் தாண்டியிருந்தது. அன்றைய மக்கள்தொகை ஏறக்குறைய ஒன்றரைக் கோடி என்பதால், பெண்கள் வராமல் இத்தொகை எட்டப்பட்டிருக்க வழியே இல்லை.

1979இல் தொலைக்காட்சி வந்தது. 1982இல் ரூபவாஹினி தொடங்கியது. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான வன்முறையில் தயாரிப்பாளர் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா கலையகம் எரிக்கப்பட்டது, இயக்குநர் கே. வெங்கட் கொல்லப்பட்டார். பின் வந்த போர்க்காலம் இரவுக் காட்சிகளை மெல்லமெல்ல விழுங்கியது. திரையரங்குகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது எஞ்சியவை இளைஞர் கூட்டத்தை நம்பியவை ஆயின. அவற்றுள் பல வயதுவந்தோருக்கான படங்களைத் திரையிட்டுப் பிழைத்தன. குடும்பப் பெண்கள் போகத்தகாத இடம் என்ற பெயர் அரங்குக்கு வந்து சேர்ந்தபின், பெண்கள் வருவதில்லை என்ற புள்ளிவிபரம் தானே உருவாயிற்று.

வீட்டுக்குத் திரும்பிய அந்தப் பார்வையாளர்கள் கதைகளைக் கைவிட்டுவிடவில்லை. சன் தொலைக்காட்சியில் 1999 முடிவில் தொடங்கிய 'சித்தி' போன்ற தொடர்கள், செய்மதி வழியே கண்டியின் தமிழ், முஸ்லிம் வீடுகளுக்கும் மலையகத் தோட்டங்களின் லயன் அறைகளுக்கும் நாள் தவறாமல் வந்தன. சிங்கள வீடுகளில் தொலைநாடகம் அதே இடத்தைப் பிடித்தது. பெண்ணை நடுவில் வைத்த கதைக்குச் சந்தை இல்லை என்று திரைத்துறை சொல்லிக்கொண்டிருந்த அதே காலத்தில், பெண்ணை நடுவில் வைத்த கதைகளைக் கொண்டே தொலைக்காட்சித் துறை தன் விளம்பர வருவாயின் பெரும்பகுதியைத் திரட்டியது. அக்கதைகளின் தரம் எத்தகையது என்பது வேறு வழக்கு. மாமியாரின் சூழ்ச்சியும் மருமகளின் கண்ணீருமாக ஆண்டுக்கணக்கில் ஓடும் அவற்றைப் பாராட்டுவது கடினம். ஆனால் கேள்வி இருந்ததா என்ற வினாவுக்கு அவற்றை விடப் பெரிய சான்று தேவையில்லை. கேள்வி குறையவில்லை, கடை இடம் மாறிவிட்டது, அவ்வளவே.

அந்த இடமாற்றம் 2020இல் தமிழ்த் திரைப்படத்துக்கும் வெளிப்படையாகவே நிகழ்ந்தது. அரங்குகள் அடைபட்டிருந்த நாட்களில், மே 29 அன்று ஜோதிகா நடித்த 'பொன்மகள் வந்தாள்' நேரடியாக அமேசான் பிரைமில் வெளியானது. தமிழ்நாட்டுத் திரையரங்கு உரிமையாளர்கள் கொதித்தெழுந்தனர். அதையடுத்துக் கீர்த்தி சுரேஷின் 'பெண்குயின்', நயன்தாராவின் 'மூக்குத்தி அம்மன்' ஆகியனவும் அதே வழியில் வீடுகளுக்குச் சென்றன. பெரிய நாயகர்களின் படங்களுள் 'சூரரைப் போற்று' போன்ற சிலவே அவ்வாறு சென்றன. 'மாஸ்டர்' போன்றவை அரங்கு திறக்கும்வரை காத்திருந்தன. முதலில் விட்டுக்கொடுக்கத் தக்கவை எனத் துறை எவற்றைக் கருதியது என்பது இவ்வரிசையிலேயே தெரிகிறது. மலையாளத்தில் 2021 ஜனவரியில் வெளிவந்த 'தி கிரேட் இந்தியன் கிச்சன்', பெரிய தளங்களால் முதலில் ஏற்கப்படாமல் நீஸ்ட்ரீம் என்ற சிறு தளத்தில் வெளியாகி, வாய்மொழியாலேயே நாடெங்கும் பேசப்பட்டது. அதன்பின்னரே பெரிய தளங்களின் கதவு திறந்தது. சமையலறையின் ஈரத்தையும் எச்சில் தட்டையும் ஒன்றரை மணிநேரத்துக்கு மேலாகக் காட்டிய படத்துக்குப் பார்வையாளர் உண்டு என்பதை எந்த விநியோகஸ்தரும் முன்கூட்டிக் கணித்திருக்கவில்லை.

வாய்மொழி என்பது இங்கே முக்கியமான சொல். இன்றைய வசூல் முறை முதல் மூன்று நாட்களின் மேல் நிற்கிறது. நூற்றுக்கணக்கான திரைகளில் ஒரே நாளில் வெளியிட்டு, 'ஓப்பனிங்' எனப்படும் தொடக்க வசூலை வாரிக்கொண்டு, அது குறைந்தால் திங்கட்கிழமையே படத்தைத் தூக்கிவிடுவது வழக்கமாகியுள்ளது. இந்த மூன்று நாட்களில் அரங்கை நிரப்புபவர்கள் விடுதி மாணவரும், வேலைக்குப் போகும் இளைஞரும், நட்சத்திர இரசிகர்களுமே. கண்டியில் விஜய் படம் வெளியாகும் முதற் காலைக் காட்சியின் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்ததே. பெண்களின் வருகையோ அயலவர் சொல்லி, அக்கா தங்கையர் கலந்து பேசி, பிள்ளைகளின் வகுப்பும் வீட்டு வேலையும் ஒழிந்த ஒரு நாளைத் தேர்ந்து, இரண்டாம் கிழமையில்தான் திரளும். நூறு நாள் ஓட்டம் என்ற ஏற்பாடு இருந்த காலத்தில் 'தாய்மார்களின் பேராதரவுடன்' என்று சுவரொட்டி ஒட்டப்பட்டது இக்காரணத்தால்தான். இயக்குநர் பாலச்சந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' 1974இல் பெற்ற வெற்றிக்கும், ஆந்திரத்திலிருந்து வந்த விஜயசாந்தியின் 'வைஜயந்தி ஐ.பி.எஸ்.' தமிழில் ஓடிய ஓட்டத்துக்கும் அந்தப் பொறுமையான ஏற்பாடு இடம் கொடுத்தது. மெதுவாகத் திரளும் கூட்டத்துக்குரிய படத்தை வேகமாகத் திரளும் கூட்டத்துக்கென அமைந்த முறையில் விற்றுவிட்டு, விலைபோகவில்லை என்று கையை விரிப்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

சந்தை பெண்ணை முற்றாக விலக்கிவிடவும் இல்லை. எந்தப் பெண் என்பதில்தான் அது கறாராக இருக்கிறது. இலங்கையில் கடந்த இருபது ஆண்டுகளில் பெண்ணின் பெயரைத் தலைப்பில் தாங்கிப் பெருங்கூட்டத்தை ஈர்த்தவை, சுனில் ஆரியரத்ன இயக்கிய வரலாற்று, சமயப் படங்கள். 2012இல் 'குச பபா', 2014இல் 'எஹெலேபொல குமாரிஹாமி', 2016இல் 'பத்தினி', 2018இல் 'பிம்பாதேவி ஹெவத் யசோதரா' என அவை தொடர்ந்தன. குடும்பங்களும் பாடசாலைப் பிள்ளைகளும் கூட்டாகச் சென்று பார்க்கத் தக்கவை என்ற தகுதி இவ்வகைப் படங்களுக்கு உண்டு. கண்டிக்கு இவற்றோடு தனி உறவும் உண்டு. 1814இல் தன் பிள்ளைகள் கொல்லப்படுவதைப் பார்க்கக் கட்டாயப்படுத்தப்பட்டு, பின் தானும் நீரில் மூழ்கடிக்கப்பட்ட குமாரிஹாமியின் கதை இந்நகரின் கதை. தலதா மாளிகையின் அயலில் உள்ள பத்தினி தேவாலயம், சிலப்பதிகாரத்துக் கண்ணகி சிங்கள மக்களின் தெய்வமாக வாழும் இடம். 'நான் கடவுள்' வழியே தமிழ்ப் பார்வையாளர் அறிந்த பூஜா உமாசங்கர் அப்பத்தினியாக நடித்தார். இவை பெண்மையப் படங்கள்தாம். ஆனால் இவற்றின் நாயகியர் அரசியரோ தெய்வங்களோ ஆவர். துன்பத்தைத் தாங்கிய அளவே அவர்களின் பெருமைக்கு அளவாக வைக்கப்படுகிறது. கோவலனை இழந்தபின் மதுரையை எரித்தவள், பார்வையாளருக்குச் சங்கடம் தராத தொலைவில், பீடத்தின் மேல் நிறுத்தப்படுகிறாள்.

2025 ஆகஸ்டில் வெளியாகி முந்நூறு கோடி ரூபாய் வசூலைக் கடந்து மலையாளத் திரையின் அதுவரையிலான பெருவெற்றியான 'லோகா: அத்தியாயம் 1 சந்திரா' படத்தையும் இவ்விடத்தில் வைத்துப் பார்ப்பது தகும். 2024இல் அதே மலையாளத்தில் 'மஞ்சும்மல் போய்ஸ்', 'ஆவேசம்' ஆகிய பெருவெற்றிப் படங்களில் பெண்கள் ஏறக்குறைய இல்லாமலே போனதும், திரைத்துறைப் பெண்களின் நிலை பற்றிய ஹேமா குழுவின் அறிக்கை வெளியானதும் பெரும் விவாதமாயின. அடுத்த ஆண்டே கல்யாணி பிரியதர்ஷன் என்ற பெண்ணை நாயகியாக்கிய படம் எல்லாக் கணக்குகளையும் முறியடித்து, பெண் பெயரில் படம் விற்காது என்ற வாதத்துக்கு இனி இடமில்லாமல் செய்துவிட்டது. ஆயினும் அப்படத்தின் சந்திரா யட்சிக் கதையிலிருந்து வந்த அமானுட சக்தி படைத்தவள் என்பதையும் மறக்கலாகாது. தெய்வம், யட்சி, அரசி, ஐ.பி.எஸ். அதிகாரி ஆகியோருக்குத் திறக்கும் கதவு, பல்லேகலவில் சட்டைக் கழுத்துப்பட்டி தைப்பவளுக்குத் திறக்கிறதா என்பதே கடினமான சோதனை.

அந்தச் சோதனையைச் சிலர் நடத்தியிருக்கிறார்கள். 2002இல் இனோகா சத்யாங்கனி உருவாக்கிய 'சுலங் கிரில்லி', ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் கிராமத்துப் பெண் ஒருத்தி ஏமாற்றப்பட்டுக் கருவுற்று, தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருக்கலைப்பை அனுமதிக்காத, 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் இன்றும் நடைமுறையிலுள்ள நாட்டில் தனித்து நிற்பதைப் பேசியது. யாழ்ப்பாணத்துச் சீதனத்தையும் சாதியையும் பெண்களின் வாழ்வு வழியே காட்டிய தர்மசேன பத்திராஜவின் 'பொன்மணி' 1977இல் வணிகத்தில் தோற்றது. தமிழ்நாட்டுப் படங்களின் ஆடல் பாடலுக்குப் பழகிய பார்வையாளருக்கு அதன் நிதானம் அந்நியமாகப் பட்டது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பேராசிரியர் சுமதி சிவமோகன் 2013இல் இயக்கிய 'இங்கிருந்து', மலையகத் தமிழரின் வாழ்வைத் திரைக்குக் கொண்டுவந்தது. 1963இல் தோட்டப் பெண்ணின் பெயராலேயே 'தோட்டக்காரி' எடுக்கப்பட்டு அரை நூற்றாண்டுக்குப் பின், அதே மலைகளைப் பற்றி ஒரு பெண் எடுத்த படம் இது. விழாக்களும் சிறப்புக் காட்சிகளும் அதற்குக் கிடைத்தன. வணிக அரங்கின் வாசல் இத்தகைய படங்களுக்கு எளிதில் திறப்பதில்லை. சில வேளைகளில் பார்வையாளரின் தீர்ப்புக்கே விடாமல் பிறர் தீர்த்துவிடுவதும் உண்டு: போருக்குப் பின் மலைநாட்டுக்கு வந்து சேர்ந்த தமிழ்ப் பெண்ணுக்கும் முன்னாள் சிங்களச் சிப்பாய்க்கும் இடையிலான மணவாழ்வைச் சொன்ன பிரசன்ன விதானகேயின் 'ஒப நத்துவ ஒப எக்க', 2014இல் சென்னையில் எதிர்ப்பு மிரட்டல்களால் திரையிலிருந்து இறக்கப்பட்டது. அப்பெண்ணின் மௌனத்தைச் சென்னைப் பெண்கள் எப்படிப் புரிந்துகொண்டிருப்பார்கள் என்பது அதனால் அறியப்படாமலே போயிற்று.

இவ்வளவும் சொன்னபின் ஒரு மறுப்பையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். பெண்கள் பெண்மையப் படங்களையே விரும்புவார்கள் என்பதும் ஓர் ஊகமே. ரஜினியின் படத்தையும் விஜயின் படத்தையும் உளமார இரசிக்கும் பெண்கள் கோடிக்கணக்கில் உள்ளனர். திரையில் பெண்ணைப் பார்க்கும் கண் பெரும்பாலும் ஆணின் கண்ணாகவே அமைக்கப்படுகிறது என்று லோரா மல்வி 1975இல் எழுதிய கட்டுரைக்குப் பின், பெண் பார்வையாளர் அக்கண்ணோடு எப்படி உடன்படுகிறார், எங்கே முரண்படுகிறார் என்பது பற்றிப் பெரும் விவாதமே நடந்துள்ளது. அலிசன் பெக்டெல் 1985இல் தம் சித்திரக்கதையில் முன்வைத்த எளிய சோதனை, ஒரு படத்தில் இரு பெண்களேனும் உண்டா, அவர்கள் தமக்குள் பேசுகிறார்களா, அப்பேச்சு ஆணைப் பற்றியதல்லாத ஒன்றைப் பற்றியதா என்று மட்டுமே கேட்கிறது. பெண் பெயரைத் தலைப்பில் வைத்த படங்களிலும் பல இதில் தேறாமல் போகும். அதனால் பெண்மையப் படம் என்ற முத்திரையையே இலக்காகக் கொள்வதில் பயன் குறைவு. எந்தப் படத்தையும் தாமே தேர்ந்து, தம் பணத்தில், அச்சமின்றிப் பார்க்கும் நிலை பெண்களுக்கு அமைந்தால், எவற்றை ஏற்பது, எவற்றைத் தள்ளுவது என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். அம்முடிவு பெண்ணியவாதிகளுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் ஒருசேர ஏமாற்றமளிப்பதாகக்கூட இருக்கலாம்.

அந்நிலையை நோக்கிக் கண்டியளவில் செய்யக்கூடியவை பெரிய முதலீட்டைக் கோருபவை அல்ல. நகர மையத்தின் பல்திரை அரங்கில் மாலைக் காட்சியை ஐந்து மணிக்குள் முடித்தல், ஒரு படத்துக்கு இரண்டாம் கிழமையை விநியோக ஒப்பந்தத்திலேயே உறுதிசெய்தல், பல்லேகலவின் தொழிற்சாலைகளில் சம்பள நாளை அடுத்த ஞாயிறுகளில் குழுவாகச் சீட்டுப் பதிந்து பஸ் ஏற்பாட்டுடன் அழைத்துவருதல், மாகாண சபையின் மண்டபங்களில் 'இங்கிருந்து' போன்ற படங்களுக்குத் தமிழ், சிங்கள உபதலைப்புகளோடு கட்டணக் காட்சி நடத்துதல் ஆகியவை தேசியத் திரைப்படக் கூட்டுத்தாபனமும் தனியார் விநியோக நிறுவனங்களும் ஓராண்டுக்குச் சோதித்துப் பார்க்கத் தக்கவை. நுழைவுச்சீட்டில் பார்வையாளரின் பால் குறிக்கப்படுவதில்லை. பெண்கள் வருவதில்லை என்று இதுகாறும் சொல்லப்பட்டது வாசலில் நின்று கண்ணால் பார்த்ததை வைத்தே. சோதனை நடக்கும் ஓராண்டில் காட்சி நேரத்தோடும் பஸ் ஏற்பாட்டோடும் சேர்த்துப் பார்வையாளரின் பாலையும் எண்ணிப் பதிந்தால், அடுத்த கதைக்கு முதலிட வரும் தயாரிப்பாளரின் முன் வைப்பதற்கு ஊகத்துக்குப் பதிலாகக் கண்டியின் கணக்கு ஒன்று இருக்கும்.